பத்தாவது எழுத வேண்டும், மலையாளமும் வாசிக்க வேண்டும்: பாலக்காட்டில் யாரைப் போய்க் கேட்பது?

கேள்வி: நான் பொள்ளாச்சிப் பக்கம் பிறந்தவள். கல்யாணமாகிப் பாலக்காடு டவுனுக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. ஒன்பதாவது பாதியில் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். இப்போது 36 வயது. மலையாளம் பேசுவேன், எழுதப் படிக்கத் தெரியாது. பத்தாவது முடிக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. முடிந்தால் தையலோ கம்ப்யூட்டரோ கற்றுக்கொள்ள வேண்டும். வீட்டுக்காரருக்கு லோடிங் வேலை. மாசா மாசம் பீஸ் கட்டிப் படிக்க வழியில்லை. இலவசமாக ஏதாவது இருக்கிறதா, எங்கே போய்க் கேட்பது? மாமனாருக்கும் பகல் பொழுது போக வழி இருந்தால் சொல்லுங்கள்.
ஒரு வாசகி, பாலக்காடு

பதில்: அம்மிணி, ‘இலவசமாக’ என்று எழுதிய இடத்தில் உங்களுக்குக் கொஞ்சம் கூச்சம் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. அதை முதலில் விடுங்கள். கேரளத்தில் கட்டட வரி கட்டும்போது நூறு ரூபாய்க்கு ஐந்து ரூபாய் நூலக வரி என்று சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். உங்கள் ஊர்ப் பக்கம், தமிழ்நாட்டில், அது பத்து ரூபாய். வாடகை வீடு என்றால் வீட்டு ஓனர் அதையும் கணக்குப் பண்ணித்தான் வாடகை சொல்லியிருப்பார். நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்துவிட்ட பொருளைத்தான் இப்போது போய்க் கேட்கப் போகிறீர்கள்.

இருபது வருடம் ஒரு வாயனசாலைக்கு, அதாவது ஊர் நூலகத்துக்கு, செக்ரட்டரியாக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த விஷயத்தில் வெப்சைட்டைத் தேடி நேரத்தைப் போக்காதீர்கள். மூன்று ஆட்களைப் பிடித்தால் போதும். எழுத்தறிவு இயக்கத்தின் ஊழியரான சாக்ஷரதா பிரேரக், பெண்களுக்கான அரசுத் திட்டமான குடும்பஸ்ரீயின் உள்ளூர் அமைப்பான சி.டி.எஸ். ஆபீஸில் இருப்பவர், உங்கள் வார்டுக்குப் பக்கத்து வாயனசாலையின் லைப்ரேரியன். மூன்று பேரும் நடந்து போகிற தூரத்தில்தான் இருப்பார்கள்.

முதலில் பத்தாவது. கேரள மாநில சாக்ஷரதா மிஷன் நடத்தும் ‘துல்யதா’, அதாவது பள்ளி வகுப்புகளுக்குச் சமமான படிப்புகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நாலாவது, ஏழாவது, பத்தாவது, பிளஸ் டூ என்று நான்கு படி. கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று 1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோட்டில் அறிவித்தார்களே, அதற்குப் பிறகு விட்ட இடத்திலிருந்து படிக்க வைப்பதற்காக வந்தவை இவை. பத்தாவது துல்யதாவுக்கு 17 வயது முடிந்திருக்க வேண்டும், ஏழாவது பாஸாகியிருக்க வேண்டும். எட்டிலோ ஒன்பதிலோ நின்றவர்கள், பத்தில் தோற்றவர்கள் எல்லோரும் சேரலாம். மேல் வயது வரம்பு கிடையாது. வகுப்பு பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையும் லீவு நாட்களிலும், ஏதாவது ஒரு அரசுப் பள்ளிக்கூடத்தில் நடக்கும். பரீட்சையை நடத்துவது பரீட்சாபவன், அதாவது ரெகுலர் எஸ்.எஸ்.எல்.சி. நடத்துகிற அதே அலுவலகம். அதனால் இது மட்டமான சர்டிபிகேட் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

மொழிப் பாடத்தில் மலையாளம், தமிழ், கன்னடம் மூன்றில் ஒன்றை எடுக்கலாம். தமிழ் எடுக்கிறேன் என்று விண்ணப்பம் நிரப்பும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். பிறகு மாற்றுவது தலைவலி. மற்ற பாடங்களையும் தமிழில் எழுத முடியுமா, தமிழ்ப் புத்தகம் கிடைக்குமா என்பதையும் அப்போதே கேளுங்கள். டவுன் மையத்தில் வகுப்பு மலையாளத்தில்தான் நடக்கும் என்ற எண்ணத்தோடு போவது நல்லது. தமிழில் நடத்துகிற வாத்தியார் வேண்டுமென்றால் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து மையங்களை விசாரியுங்கள். அங்கே படிக்க வருபவர்களில் பாதிப் பேர் நம்மவர்கள்.

இனி, யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு சங்கதி. பத்தாவது துல்யதாவில் ஒன்பது பேப்பர். மொழி, இங்கிலீஷ், சமூக அறிவியல், இயற்பியல், வேதியியல், உயிரியல், கணக்கு, ஐ.டி. என்று வரிசையாக வந்து, நடுவில் ஹிந்தியும் இருக்கும். தமிழ்நாட்டில் படித்த உங்களுக்கு ஹிந்தியில் ‘அ’னா கூடத் தெரியாமல் இருக்கலாம். எல்லையைத் தாண்டிக் கல்யாணமாகி வந்த பெண்கள் பாதியில் நிற்பதை நான் பார்த்தது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கணக்கில் தோற்று நின்றவர்கள் அதைவிடக் குறைவு.

இதற்கு மாற்று ஒன்று இருக்கிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி, சுருக்கமாக என்.ஐ.ஓ.எஸ். மத்திய அரசுடையது. அதில் ஐந்து பாடம் எடுத்தால் போதும். மொழி ஒன்றே ஒன்று இருந்தாலும் சரி. ஹிந்தி கட்டாயமில்லை, கணக்கும் கட்டாயமில்லை. தமிழ்வழியிலேயே எழுதலாம். ஒரு தடவை பதிவு செய்தால் ஐந்து வருடத்துக்குச் செல்லும். அதற்குள் ஒன்பது வாய்ப்பு. ஒவ்வொரு பாடமாகக்கூட எழுதித் தீர்க்கலாம். கேட்க இனிப்பாக இருக்கிறது, இல்லையா? ஆனால் கட்டணம் உண்டு, உங்களை வாரா வாரம் உட்கார வைக்க ஆளும் இருக்காது. புத்தகம் வீட்டுக்கு வரும். அதைப் பிரிப்பது நீங்கள்தான்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் துல்யதாவுக்குத்தான் போவேன். தனியாகப் புத்தகத்தோடு மல்லுக்கட்டிப் பாஸானவர்களைவிட, ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேரோடு உட்கார்ந்து, சோற்றுப் பொதியைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டே சந்தேகம் கேட்டுப் பாஸானவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஹிந்திக்கு என்ன செய்வது? உங்களுக்குக் குழந்தைகள் இருந்து இங்கேதான் படிக்கிறார்கள் என்றால் வீட்டிலேயே வாத்தியார் இருக்கிறார். கேரளப் பள்ளிக்கூடங்களில் அஞ்சாவதிலிருந்து ஹிந்தி உண்டு. எங்கள் வாயனசாலைக்கு வந்த ஒரு அம்மா, மகனின் அஞ்சாவது ஹிந்தி நோட்டை வைத்துத்தான் ஆரம்பித்தார். அவன் பென்சிலால் எழுதியதன் மேலேயே பேனாவால் திரும்ப எழுதுவார். தப்பாகச் சுழித்தால் பையன் சிவப்பில் வட்டம் போடுவான், அதில் அவனுக்குப் பரம சந்தோஷம். பரீட்சைக்கு ஆறு மாதம் முன்பே எழுத்துக் கூட்டிப் படிக்க வந்துவிட்டது. உங்களுக்கு அது சரிப்படவில்லை என்றால் மட்டும் என்.ஐ.ஓ.எஸ். பக்கம் யோசியுங்கள்.

துல்யதாவுக்கும் கட்டணம் இருக்கிறது என்பதை மறைக்கவில்லை. பட்டியல் சாதி, பழங்குடியினருக்குப் பாடக் கட்டணம் கிடையாது. மற்றவர்களுக்குப் பல இடங்களில் நகரசபையோ பஞ்சாயத்தோ தங்கள் திட்ட நிதியிலிருந்து கட்டிவிடுகின்றன. ‘இந்த வருடம் எங்கள் வார்டுக்கு அப்படி ஏதாவது இருக்கிறதா’ என்று பிரேரக்கிடமும் கவுன்சிலரிடமும் கேளுங்கள். கேட்டவர்களுக்குத்தான் கிடைக்கிறது.

பேப்பர் வேலையில் ஒன்றே ஒன்று. உங்கள் டி.சி.யை எடுத்துப் பாருங்கள். அதில் அப்பா பெயரின் முதலெழுத்து இனிஷியலாக இருக்கும். ஆதாரில் கல்யாணத்துக்கு அப்புறம் வீட்டுக்காரர் பெயர் ஒட்டியிருக்கும். இரண்டும் பொருந்தாவிட்டால் விண்ணப்பம் சுற்றிக்கொண்டே இருக்கும். பத்தாவது சர்டிபிகேட்டில் ஏறுகிற பெயர்தான் ஆயுசுக்கும் கூட வரும். அதனால் எந்தப் பெயர் வேண்டும் என்று முதலிலேயே முடிவு பண்ணி, ஆதாரைத் திருத்துவதென்றால் இப்போதே திருத்திவிடுங்கள். டி.சி. தொலைந்திருந்தால் நீங்கள் படித்த பள்ளிக்கூடத்திலேயே நகல் கேட்கலாம். பொள்ளாச்சிக்கு ஒரு நடை போய்வந்தால் முடிகிற வேலை. துல்யதாப் பதிவு வருடம் முழுக்கத் திறந்திருக்காது, அறிவிப்பு வந்த பிறகு இதற்கெல்லாம் ஓடினால் ஒரு வருடம் போய்விடும்.

அடுத்தது மலையாளம் வாசிப்பு. இது நீங்கள் நினைப்பதைவிட எளிது. உ, ண, த எல்லாம் தெரிந்த முகமாகத்தான் இருக்கும். ட மட்டும் இங்கிலீஷ் எஸ் மாதிரி வளைந்து நின்று உங்களைக் குழப்பும். நமக்கு ஒரே ஒரு ‘க’ போதும், அவர்களுக்கு நான்கு வேண்டும். அந்த நான்கையும் முதல் மாதமே மனப்பாடம் பண்ண உட்காராதீர்கள். பேசுவது உங்களுக்குத் தெரியும் என்பதால் எழுத்தைப் பாதி பார்த்தாலே வார்த்தை வாயில் வந்துவிடும். பஸ் போர்டு, ரேஷன் கடை அறிவிப்பு, மாவு பாக்கெட் என்று தினமும் ஐந்து வார்த்தை போதும். ஒன்றாம் வகுப்பு மலையாளப் பாடப்புத்தகம் அரசு தளத்தில் இலவசமாகவே இருக்கிறது, போனில் இறக்கிக்கொள்ளலாம். முறையாகப் படிக்க ஆசையென்றால் சாக்ஷரதா மிஷனே ‘பச்சமலையாளம்’ என்று ஒரு சர்டிபிகேட் படிப்பு நடத்துகிறது. அதற்குப் பீஸ் உண்டு, உங்களுக்கு அவசியமும் இல்லை.

மலையாளம் தெரியாததால் மனு எழுத முடியவில்லை என்று மட்டும் நிற்காதீர்கள். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தங்கள் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அந்த மொழியிலேயே வர வேண்டும் என்று 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. தமிழர் மிகுந்த பகுதி என்று அரசு அறிவித்த இடங்களில் உள்ளூர் அரசு அலுவலகங்களுக்கும் அது பொருந்தும்.

தையலுக்கு நேரே குடும்பஸ்ரீயிடம் போங்கள். 1998இல் தொடங்கியது முதல் இன்றுவரை இதன் அடிப்படை அயல்கூட்டம், அதாவது அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்த குழுதான். நீங்கள் இன்னும் அதில் சேரவில்லை என்றால், வீட்டுக்கு ஒரு பெண் என்பது கணக்கு. மாமியார் பெயர் இருந்தால் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். டவுனில் நடக்கும் தொழிற்பயிற்சி பற்றிய தகவல் பெரும்பாலும் அயல்கூட்டம் வழியாகத்தான் வரும். நோட்டீஸ் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் கடைசித் தேதி முடிந்த பிறகுதான் கண்ணில் படும். வங்கிகள் மாவட்டத்துக்கு ஒன்றாக நடத்துகிற சுயதொழில் பயிற்சி நிலையமும் இருக்கிறது, ஆர்செட்டி என்பார்கள். பயிற்சியும் சாப்பாடும் இலவசம். 18 முதல் 45 வயதுக்காரர்களுக்கு என்று தொடங்கியது, ஆனால் கிராமத்தாருக்குத்தான் முதலிடம். டவுன் விலாசத்தோடு போனால் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

கம்ப்யூட்டருக்கு அவசரப்பட வேண்டாம். துல்யதாவிலேயே ஐ.டி. ஒரு பாடம். அக்ஷயா என்ற அரசுத் திட்டம் 2002இல் மலப்புறத்தில் வீட்டுக்கு ஒருவருக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்கத் தொடங்கியதுதான், ஆனால் இன்று அது காசு வாங்கிக்கொண்டு விண்ணப்பம் போட்டுத் தரும் இடம். ‘இலவச கம்ப்யூட்டர் கோர்ஸ்’ என்று சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸை நம்பி ஒருமுறை நானே ஏமாந்தேன். சேர இலவசம், புத்தகத்துக்குக் காசு, பரீட்சைக்குக் காசு, கடைசியில் சர்டிபிகேட்டுக்குத் தனியாகக் காசு. சேருவதற்கு முன் ‘சர்டிபிகேட் கையில் வரும்வரை மொத்தம் எவ்வளவு’ என்று கேட்டு, அதைப் பேப்பரில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் மாமனார். அவரை வாயனசாலைக்கு அனுப்புங்கள். பேப்பர் படிக்கப் பெரும்பாலும் மெம்பராக வேண்டியதில்லை, கேள்வி கேட்காமல் பெஞ்சில் இடம் கொடுப்பார்கள். 1945இல் திருவிதாங்கூரில் இருந்த அம்பலப்புழையில் பி.என். பணிக்கர் ஒன்று சேர்த்த கிரந்தசாலைச் சங்கம்தான் இன்றைய லைப்ரரி கவுன்சிலுக்கு வேர். ஜூன் 19ஐ வாசிப்பு நாள் என்று கொண்டாடுவது அவர் நினைவாகத்தான். பாலக்காடு அப்போது அந்தப் பக்கமே இல்லை. 1956 வரை உங்கள் பொள்ளாச்சியைப் போல நாங்களும் மதராஸ்காரர்கள், 1948ஆம் வருடத்து மதராஸ் நூலகச் சட்டத்துக்குள் இருந்தவர்கள். பல வாயனசாலைகளில் முதியவர்களுக்கு வயோஜன வேதி, பெண்களுக்கு வனிதா வேதி என்று தனிக் கூட்டங்கள் உண்டு. சில இடங்களில் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் வீட்டுக்கே புத்தகம் கொண்டுவந்து தருகிறார்கள்.

தமிழ்ப் புத்தகம் இல்லை என்றால் சும்மா திரும்பாதீர்கள். வருடா வருடம் மாவட்ட லைப்ரரி கவுன்சில் புத்தக விழா நடத்தும், நூலகங்கள் கிராண்ட் பணத்தில் அங்கேதான் புத்தகம் வாங்கும். அதற்கு முன்னால் வேண்டிய தமிழ்ப் புத்தகங்களின் பட்டியலை, நான்கைந்து மெம்பர்கள் கையெழுத்தோடு, செக்ரட்டரியிடம் கொடுங்கள். என்னிடம் அப்படி ஒரு பட்டியல் வந்தால் தட்ட மனசு வராது. அதுவரை போனில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகமும், 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டமும் இருக்கின்றன. பழைய புத்தகங்கள் கொட்டிக் கிடக்கின்றன, எல்லாம் இலவசம். மாமனாருக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்துவிடுங்கள்.

நகரசபையில் பிரேரக்கைப் பார்க்கப் போகிற அன்று டி.சி., ஆதார், ரேஷன் கார்டு மூன்றின் நகலையும் எடுத்துக்கொள்ளுங்கள். சி.டி.எஸ். ஆபீஸையும் அன்றே பார்த்துவிடலாம். வாயனசாலையில் மெம்பராகும்போது உங்களுக்கும் மாமனாருக்கும் தனித்தனி கார்டு வாங்குங்கள். சந்தா சின்னத் தொகைதான். ஒரே கார்டில் இரண்டு பேர் படித்தால் அவர் முடிக்காத புத்தகத்தை நீங்கள் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள் என்று வீட்டில் சண்டை வரும்.