சீல்கள், சட்டங்கள் – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

திமிங்கில வேட்டை பற்றிய உங்கள் கட்டுரையில் போகிற போக்கில் ஒரு வரி வந்தது. சீல் என்ற கடல் பாலூட்டிகளுக்காக நாடுகள் போட்ட ஒப்பந்தம் வேலை செய்தது, திமிங்கிலங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை என்று. அது என்ன ஒப்பந்தம் என்று நீங்கள் சொல்லவில்லை.

எங்கள் நண்பர்கள் குழுவில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஒருவர் சொன்னார்: "வெள்ளைக்காரன் எல்லாவற்றையும் கொன்று தீர்த்துவிட்டு அப்புறம் கருணை பேசுவான். அதிலும் பாருங்கள், வடதுருவத்து இன்யூட் பழங்குடிகளுக்கு மட்டும் விலக்கு. அவர்கள் கொன்றால் சீலுக்கு வலிக்காதா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சீல்களைக் காக்கும் சட்டங்கள் கருணையால் வந்தவையா? அந்த விலக்கு நியாயமா? நேரம் இருந்தால் விளக்கவும்.

முருகேசன், திண்டுக்கல்

அன்புள்ள முருகேசன்,

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. கொன்று தீர்த்த பிறகுதான் சட்டம் வந்தது. ஆனால் கருணை பேசிக்கொண்டு வரவில்லை, கணக்குப் பேசிக்கொண்டு வந்தது. சீல் சட்டங்களின் கதையில் கருணை கிட்டத்தட்ட கடைசி அத்தியாயத்தில்தான் நுழைகிறது. அது நுழைந்தபோது அடி வாங்கியவர்கள் யார் என்பதில்தான் உங்கள் நண்பரின் இரண்டாவது கேள்விக்கான பதில் இருக்கிறது.

அலாஸ்காவுக்கு மேற்கே, பெரிங் கடலில், பிரிபிலோஃப் என்று ஒரு தீவுக்கூட்டம். செயின்ட் பால், செயின்ட் ஜார்ஜ் என்ற இரண்டுதான் முக்கியமான தீவுகள். 1786-ல் கவ்ரில் பிரிபிலோஃப் என்ற ரஷ்ய மாலுமி வந்து சேர்ந்தபோது கரை முழுக்க ஃபர் சீல்கள். அவர் தேடி வந்ததும் அதைத்தான். ரஷ்ய வணிகர்கள் அலூஷியன் தீவுகளிலிருந்து உனங்கன் என்ற பழங்குடி மக்களைக் கொண்டுவந்து இங்கே இறக்கி, தோல் உரிக்கும் வேலையில் கட்டாயமாகப் போட்டார்கள். 1867-ல் அமெரிக்கா 72 லட்சம் டாலருக்கு அலாஸ்காவை வாங்கியது. சீல்களும் கைமாறின, உனங்கன்களும் கைமாறினார்கள்.

1870-ல் அமெரிக்க அரசு இந்தத் தீவுகளின் வேட்டை உரிமையை ஒரே கம்பெனிக்கு இருபது ஆண்டு குத்தகைக்கு விட்டது. ஆண்டுக்கு ஒரு லட்சம் தோல் வரை எடுக்கலாம். பெண் சீலைக் கொல்லக்கூடாது. அலாஸ்காவுக்குக் கொடுத்த விலையில் பெரும்பகுதி அந்த இருபது ஆண்டுகளில் இந்தத் தோல்களிலிருந்தே திரும்பிவிட்டது. "பெண்ணைக் கொல்லாதே" என்ற விதியைப் படித்ததும் மனம் இளகிவிட வேண்டாம். ஃபர் சீல்களில் ஒரு பெரிய ஆண் பல பெண்களை வளைத்து வைத்துக்கொள்ளும். இடம் கிடைக்காத இளம் ஆண்கள் தனியாக ஓர் ஓரத்தில் கூட்டமாகக் கிடக்கும். அவற்றில் கணிசமானவற்றைக் கொன்றாலும் அடுத்த ஆண்டு பிறக்கும் குட்டிகள் குறையாது. முதலை விட்டுவிட்டு வட்டியை மட்டும் எடுக்கிற ஏற்பாடு.

அந்த வேலை எப்படி நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விடிவதற்கு முன்பே உனங்கன் ஆண்கள் கரைக்குப் போய், தூங்கும் இளம் ஆண் சீல்களுக்கும் கடலுக்கும் நடுவில் சத்தமில்லாமல் வரிசையாக நின்றுகொள்வார்கள். பிறகு எழுப்பி, உள்நாட்டுப் பக்கம் மெதுவாக ஓட்டிக்கொண்டு போவார்கள். வேகமாக ஓட்டக்கூடாது. அடர்ந்த ரோமம் கொண்ட பிராணி, உடம்பு சூடேறினால் வழியிலேயே விழுந்து சாகும், தோலும் கெடும். அதனால் ஈரமும் பனிமூட்டமும் உள்ள குளிர்ந்த காலைதான் தோது. கொல்லும் திடலுக்கு வந்ததும் சிறு சிறு கூட்டமாகப் பிரித்துத் தலையில் தடியால் அடிப்பார்கள். தோலை உரித்து உப்பிட்டு லண்டனுக்கு அனுப்புவார்கள். பதனிடுவதும் சாயமேற்றுவதும் ஏலம் விடுவதும் அங்கேதான்.

சரி, சிக்கல் எங்கே வந்தது? தாய் சீல் குட்டியைக் கரையில் விட்டுவிட்டு இரை தேடிக் கடலுக்குள் நூறு மைலுக்கு மேல்கூடப் போகும். சில நாள் கழித்துத் திரும்பி வந்து, அத்தனை குட்டிகளுக்கு நடுவில் தன் குட்டியை மட்டும் கண்டுபிடித்துப் பால் கொடுக்கும். 1880-களில் கனடாவின் விக்டோரியா துறைமுகத்திலிருந்து பாய்மரக் கப்பல்கள் வந்து, இந்த சீல்களை நடுக்கடலிலேயே வேட்டையாடத் தொடங்கின. தண்ணீரில் தலை மட்டும் தெரியும்போது ஆணா பெண்ணா என்று யார் பார்ப்பது? செத்தவற்றில் பெரும்பாலானவை பெண்கள். குண்டு பட்ட பல சீல்கள் கைக்கு எட்டுவதற்குள் மூழ்கின. தாய் வராத குட்டிகள் கரையில் பட்டினியால் செத்தன. ஒரு தோலுக்கு மூன்று உயிர் போகக்கூடும்: தாய், அதன் வயிற்றில் அடுத்த ஆண்டுக்கான கரு, கரையில் காத்திருக்கும் குட்டி.

அமெரிக்கா 1886-ல் தன் ரோந்துக் கப்பலை அனுப்பி, கரையிலிருந்து அறுபது மைலுக்கும் அப்பால் இருந்த மூன்று கனடியக் கப்பல்களைப் பிடித்தது. நாட்டின் கடல் எல்லை மூன்று மைல்தான் என்று எல்லோரும் ஏற்றிருந்த காலம் அது. கனடா சார்பில் பிரிட்டன் கொதித்தது. 1890 ஜனவரியில், அப்போது அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஜேம்ஸ் பிளெய்ன் பிரிட்டிஷ் தூதருக்கு எழுதிய கடிதத்தில், நடுக்கடல் சீல் வேட்டை நல்லொழுக்கத்துக்கே விரோதமானது என்று வாதிட்டார். குத்தகைப் பணம் போகிறதே என்ற கவலைக்கு ஒழுக்கத்தின் சட்டையை மாட்டிவிட்டார் என்றுதான் நான் படிக்கிறேன். அந்தச் சட்டையை நினைவில் வையுங்கள், நூற்றிருபது ஆண்டு கழித்து வேறொருவர் போட்டுக்கொண்டு வருவார்.

விவகாரம் பாரிஸில் ஒரு நடுவர் மன்றத்துக்குப் போனது. அமெரிக்க வழக்கறிஞர்களின் வாதம் சுவையானது. மேய்ந்துவிட்டுப் பட்டிக்குத் திரும்பும் மாடு எங்கே மேய்ந்தாலும் பட்டிக்காரனுக்குச் சொந்தம். சீலும் எங்கள் தீவுக்குத்தான் திரும்பி வருகிறது. ஆகவே அது கடலில் எங்கே நீந்தினாலும் எங்கள் சொத்து. 1893 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. மூன்று மைலுக்கு அப்பால் அந்த சீல்கள் மீது அமெரிக்காவுக்குச் சொத்துரிமையும் இல்லை, பாதுகாக்கும் உரிமையும் இல்லை. கப்பல்களைப் பிடித்ததற்காக 4,73,151 டாலர் நஷ்டஈடும் பின்னால் கட்ட வேண்டியதாயிற்று.

ஆனால் அதே மன்றம் சீல்களுக்காகச் சில விதிகளும் போட்டது. தீவுகளைச் சுற்றி அறுபது மைலுக்குள் வேட்டை கூடாது. மே முதல் ஜூலை முடிய நடுக்கடல் வேட்டைக்கு விடுமுறை. பெரிங் கடலில் துப்பாக்கி கூடாது. காகிதத்தில் அழகாக இருந்தது. தாய் சீல்கள் அறுபது மைல் வட்டத்தைத் தாண்டித்தான் இரை தேடின. கப்பல்காரர்கள் வட்டத்துக்கு வெளியே காத்திருந்தார்கள். துப்பாக்கிக்குப் பதிலாக, வான்கூவர் தீவின் நூ-சா-நூல்த் பழங்குடி வேட்டைக்காரர்களைக் கூலிக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்கள் தலைமுறை தலைமுறையாக ஈட்டி எறிந்து பழகியவர்கள். தவிர, அந்தத் தீர்ப்பு அமெரிக்காவையும் பிரிட்டனையும்தான் கட்டுப்படுத்தியது. ஜப்பானியக் கப்பல்கள் மூன்று மைல் எல்லை வரை தாராளமாக வந்தன. 1906 ஜூலையில் செயின்ட் பால் தீவில் கரையேறித் திருட்டு வேட்டையாடிய ஜப்பானியர்களில் ஐந்து பேர் காவலர்களின் குண்டுக்குச் செத்தார்கள். ஒரு காலத்தில் பத்து லட்சங்களில் எண்ணப்பட்ட சீல் கூட்டம் 1910 வாக்கில் இரண்டு லட்சம் அளவுக்குச் சுருங்கியது.

நீங்கள் கேட்ட ஒப்பந்தம் இதற்கு அடுத்த ஆண்டு வந்தது. 1911 ஜூலை 7, வாஷிங்டன். அமெரிக்கா, கனடாவுக்காக பிரிட்டன், ஜப்பான், ரஷ்யா ஆகிய நான்கு தரப்பும் கையெழுத்திட்டன. வட பசிபிக்கில் நடுக்கடல் சீல் வேட்டை அடியோடு தடை. அதை விட்டுக்கொடுக்கும் கனடாவுக்கும் ஜப்பானுக்கும் பிரிபிலோஃபில் எடுக்கும் தோல்களில் தலா 15 சதவீதம் பங்கு. முன்பணமாகத் தலா இரண்டு லட்சம் டாலர். ரஷ்யா தன் தீவுகளின் தோலில் இதேபோல் 15 சதவீதம் கொடுக்கும். ஜப்பானும் தன் பங்குக்குக் கொஞ்சம் கொடுக்கும். கடலில் பிடித்த தோலை யாரும் தங்கள் நாட்டுக்குள் விடக்கூடாது.

இந்த ஒப்பந்தத்தை நான் ரொம்பவே மதிக்கிறேன். "விலங்கைக் காப்பாற்று" என்று யாருக்கும் உபதேசம் செய்யவில்லை அது. வேட்டையை நிறுத்தினால் உனக்கு என்ன கிடைக்கும் என்று சொன்னது. மீறுவதைவிட மதிப்பதில் லாபம் அதிகம் என்ற நிலையை உண்டாக்கியது. அதற்கு முன்பும் வனவிலங்குகளுக்காக ஒப்பந்தங்கள் போட முயன்றிருக்கிறார்கள். 1900-ல் ஆப்பிரிக்க விலங்குகளுக்காக லண்டனில் கையெழுத்தான ஒன்று நடைமுறைக்கே வரவில்லை. சீல் ஒப்பந்தம் ஜப்பான் விலகிய 1941 வரை முப்பது ஆண்டு நின்றது. அதற்குள் கூட்டம் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. 1957-ல் அதே நான்கு தரப்பும் மறுபடி உட்கார்ந்து ஒப்பந்தத்தைப் புதுப்பித்தன. அமெரிக்காவும் சோவியத்தும் பனிப்போர் நடத்திக்கொண்டிருந்த நேரம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த ஏற்பாடு 1984-ல்தான் முடிந்தது.

இந்த 1911 ஒப்பந்தத்தில் உங்கள் நண்பர் படிக்க வேண்டிய பிரிவு ஒன்று உண்டு, நான்காவது. கடற்கரைப் பழங்குடிகள் நடுக்கடலில் சீல் வேட்டையாடலாம். ஆனால் படகில் ஐந்து பேருக்கு மேல் இருக்கக்கூடாது. துடுப்போ பாயோ மட்டும்தான், இயந்திரம் கூடாது. துப்பாக்கி கூடாது. வேறு கப்பலில் ஏறிப் போகக்கூடாது. யாரிடமும் வேலை பார்ப்பவராகவோ, தோல் தருவதாக ஒப்புக்கொண்டவராகவோ இருக்கக்கூடாது. நேற்றுவரை விக்டோரியா கப்பல்களில் கூலி வாங்கிக்கொண்டிருந்த நூ-சா-நூல்த் வேட்டைக்காரனுக்கு இதன் பொருள் என்ன? பழைய முறையில் வேட்டையாடு, கூலிக்குப் போகாதே. கனடா அரசுக்குத் தோல் பங்கு கிடைத்தது, இவனுக்குக் கிடைத்தது இந்தப் பிரிவு.

பிரிபிலோஃபில் இன்னும் மோசம். 1910-ல் இரண்டாவது குத்தகையும் முடிந்ததும் அரசே வேட்டையை எடுத்து நடத்தியது. உனங்கன்கள் அரசின் பராமரிப்பில் உள்ளவர்கள் என்ற பெயரில் அதிகாரியின் கைப்பிடிக்குள் வாழ்ந்தார்கள். 1942-ல் ஜப்பான் அலூஷியன் தீவுகளைத் தாக்கியபோது இவர்களை ஃபன்டர் பே என்ற இடத்தில், கைவிடப்பட்ட மீன் பதனிடும் ஆலையிலும் சுரங்க முகாமிலும் கொண்டுபோய் அடைத்தார்கள். அந்தக் கட்டடங்கள் குளிருக்குத் தாங்காதவை. நோயில் பலர் செத்தார்கள். ஆனால் 1943 கோடையில் சீல் பருவம் வந்ததும் ஆண்களை மட்டும் தீவுக்குத் திரும்பக் கூட்டிப்போனார்கள், தோல் எடுக்க. 1870 முதல் 1946 வரை நடத்தப்பட்ட விதத்துக்கு 1979-ல் 85 லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்தார்கள். அந்தத் தோல்கள் ஈட்டிய பணத்தோடு வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு என்பதை நீங்களே கணக்குப் போடுங்கள்.

கருணைக்கு இப்போது வருவோம். பிரிட்டன் 1914-லேயே சாம்பல் சீல்களுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் பாதி வரை, அவை குட்டி போடும் காலத்தில், பாதுகாப்புச் சட்டம் போட்டது. அது ஒரு நல்ல தொடக்கம். ஆனால் உலகத்தை உலுக்கியது 1960-களில் கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து வந்த படங்கள்தான். ஹார்ப் சீலின் வெள்ளைக் குட்டி, ரத்தம், பனி. கருப்புக் கண்கள் கேமராவைப் பார்க்கும். 1972-ல் அமெரிக்கா கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. 1983-ல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் ஹார்ப், ஹூடட் சீல் குட்டிகளின் தோல் இறக்குமதிக்குத் தடை விதித்தது. 1987-ல் கனடாவே குட்டிகளின் வணிக வேட்டையை நிறுத்தியது.

1983 தடை இன்யூட்களைத் தொடவே இல்லை, சட்டப்படி. அவர்கள் வேட்டையாடுவது வேறு வகை, வளையச் சீல், அதுவும் வளர்ந்தவை. இறைச்சியைச் சாப்பிட்டுத் தோலை விற்பவர்கள். அவர்களின் பாரம்பரிய வேட்டைக்கு விலக்கும் எழுதியிருந்தது. ஆனால் பாரிஸில் கோட்டு வாங்கப் போகிற பெண்மணிக்கு வளையச் சீல் எது, ஹார்ப் சீல் எது என்று தெரியுமா? சீல் என்றாலே பாவம் என்றாகிவிட்டது. தோல் விலை சரிந்தது. பெட்ரோலுக்கும் தோட்டாவுக்கும் பனி வண்டிக்கும் அந்தப் பணத்தை நம்பியிருந்த வடதுருவக் கிராமங்கள் தவித்தன. பின்னாளில் கிரீன்பீஸின் கனடியக் கிளை இன்யூட்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது.

2009-ல் ஐரோப்பிய ஒன்றியம் எல்லா சீல் பொருட்களையும் தடுத்தது, இன்யூட் விலக்கோடு. கனடாவும் நார்வேயும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன. 2014-ல் மேல்முறையீட்டு அமைப்பு சொன்னது: மக்களின் ஒழுக்க உணர்வைக் காக்க இப்படித் தடை போடலாம். பிளெய்னின் சட்டைதான், இந்த முறை சரியாகப் பொருந்திவிட்டது. ஆனால் விலக்கைச் செயல்படுத்திய விதத்தில் பாரபட்சம் இருக்கிறது என்றும் அது சொன்னது. நடைமுறையில் கிரீன்லாந்து இன்யூட்களுக்குக் கதவு திறந்தது, கனடிய இன்யூட்களுக்கு அப்படித் திறக்கவில்லை. 2015-ல் விதிகளைத் திருத்தினார்கள். இதற்கிடையில் 2014-ல் கனடிய இன்யூட் இளைஞர்கள் சீல் தோல் உடுப்போடு படம் எடுத்து "சீல்ஃபி" என்று இணையத்தில் போட்டதும் நடந்தது. கோபத்தை அவ்வளவு சிரிப்போடு காட்டியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆக உங்கள் நண்பருக்கு என் பதில்: இன்யூட் அடித்தாலும் சீலுக்கு வலிக்கும். விலக்கு கொடுத்தது வலியைக் கணக்கிட்டு அல்ல. கூட்டத்தை அழித்தவர்கள் அவர்கள் அல்ல, உணவும் உடையும் அதிலிருந்துதான் என்பதால் கொடுத்தார்கள். எனக்கு விலக்கின் மீது புகார் இல்லை, அதன் அளவின் மீதுதான். கூலிக்கு வேட்டையாடக்கூடாது, அல்லது விற்றாலும் வாங்க ஆளில்லை என்ற நிலையில் தரப்படும் விலக்கு 1911-லும் அரைகுறை, 1983-லும் அரைகுறை.

அப்புறம், பிரிபிலோஃபில் வணிக வேட்டை 1984-ல் நின்றுவிட்டது. உனங்கன்கள் இன்று உணவுக்காக மட்டும் கொஞ்சம் எடுக்கிறார்கள். ஆனாலும் செயின்ட் பால் தீவில் பிறக்கும் குட்டிகளின் எண்ணிக்கை பல்லாண்டுகளாகக் குறைந்துகொண்டே வருகிறது. பெரிங் கடலில் பெரிய கப்பல்கள் அள்ளும் போலாக் மீன்தான் இந்த சீல்களுக்கும் முக்கிய இரை. அதற்கும் இதற்கும் உள்ள தொடர்பு பற்றி விஞ்ஞானிகள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். 1911-ல் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் சீலின் தோலைத்தான் பங்கு போட்டார்கள். அதன் சாப்பாட்டைப் பங்கு போடும் பேச்சு இன்னும் முடியவில்லை.