இரண்டு வாளித் தண்ணீர் போதும்

கேள்வி: தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி சாலைப் பக்கம், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் வசிக்கிறோம். சென்ற ஆண்டு பழைய கார் ஒன்றை வாங்கினோம். கீழ்த்தளத்தில் நிறுத்த இடம் உண்டு, குழாய் கிடையாது. ஹோஸ் பிடித்துக் கழுவக் கூடாது என்று குடியிருப்போர் சங்கமும் தீர்மானம் போட்டிருக்கிறது. வாட்டர் சர்வீஸுக்கு விட்டால் ஒவ்வொரு முறையும் 500 ரூபாய் ஆகிறது. மாதம் இரண்டு முறை விடுவது எங்கள் வருமானத்துக்குக் கட்டுப்படியாகவில்லை. குறைந்த செலவில் நாங்களே கழுவிக்கொள்ள வழி உண்டா?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: வழி உண்டு, அதற்குக் குழாயும் ஹோஸும் தேவையில்லை. தங்கள் சங்கத்தின் தீர்மானமும் நியாயமானதே. 15 லிட்டர் வாளியை ஒரு நிமிடத்தில் நிரப்புகிற குழாயைக் கால் மணி நேரம் திறந்துவிட்டால் 225 லிட்டர் தண்ணீர் போய்விடும். அன்றாடம் தெருவில் ஓடி வருகிற ஒரு காரைச் சுத்தம் செய்ய அதில் பத்தில் ஒரு பங்கே போதுமானது.

முறையைச் சொல்வதற்கு முன், எதைக் காப்பாற்றப் போகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். காரின் நிறத்துக்கு மேலே, ‘கிளியர் கோட்’ என்று சொல்லப்படுகிற நிறமற்ற பூச்சு ஒன்று காவலாக இருக்கிறது. அதன் கனம் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. தூசி அதன்மேல் சும்மா படிந்திருப்பதால் பெரிய கெடுதல் இல்லை. அந்தத் தூசியை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைக்கும்போதுதான் பூச்சில் மெல்லிய கீறல்கள் விழுகின்றன. வெயிலில் நிறுத்திப் பார்த்தால் அவை சிலந்தி வலைபோலத் தெரியும்.

நம் வட்டாரத்தில் இது கூடுதலாகக் கவனிக்க வேண்டிய செய்தி. அரிசி ஆலைகளின் புகைபோக்கியிலிருந்து பறந்து வருகிற உமிச் சாம்பல், ஆலைக்குப் பக்கத்துத் தெருக்களில் நிற்கும் வண்டிகளின்மேல் கறுப்புப் பொடியாகப் படிகிறது. அந்தச் சாம்பலில் ஏறத்தாழ 90 விழுக்காடு சிலிக்கா; மணலில் இருக்கிற அதே பொருள். நம் பாட்டிமார் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பாத்திரங்களைப் பளபளப்பாக்கியதற்கும், உமிக்கரியால் பல் துலக்கியதற்கும் காரணம் அந்த உராய்வுக் குணமே. பித்தளைக் குடத்துக்கு நன்மை செய்த அந்தக் குணம் கிளியர் கோட்டுக்குத் தீமை செய்கிறது. இதை அறியாமல், என் முதல் காரை நான் ஓராண்டுக் காலம் தினமும் விடியற்காலையில் பழைய வேட்டித் துணியால் உலரத் துடைத்துவந்தேன். கறுப்பு நிற பானெட் முழுவதும் வட்ட வட்டமாகக் கீறல் விழுந்த பிறகுதான், அக்கறை என்று எண்ணிச் செய்தது என்ன செய்திருக்கிறது என்பது புரிந்தது. அந்த வருத்தம் இன்றும் எனக்கு உண்டு. அதனால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

ஆகவே முதல் வேலை, தூசியைத் தொடாமல் நனைப்பது. செடிகளுக்கு நீர் தெளிக்கப் பயன்படும், கையால் அழுத்தம் ஏற்றுகிற இரண்டு லிட்டர் தெளிப்பான் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். இந்த வேலைக்கு அது மிகப் பொருத்தமானது. வயலில் பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ அடித்த தெளிப்பானைக் கழுவிவிட்டு இதற்கு எடுத்துக்கொள்ளலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எத்தனை முறை அலசினாலும் மருந்தின் எச்சம் அதில் தங்கியிருக்கக்கூடும், அந்தச் சாரல் தங்கள் முகத்திலும் பக்கத்தில் விளையாடும் குழந்தைகள்மீதும் படும்.

அடுத்தது, கழுவும் நீர்மம். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ‘ரின்ஸ்லெஸ் வாஷ்’ என்ற பெயரில் விற்கப்படும் நீர்மத்தையே நான் பரிந்துரைப்பேன். புட்டியில் குறிப்பிட்டுள்ள அளவில் சில மில்லிலிட்டரை ஒரு வாளித் தண்ணீரில் கலந்தால் போதும். அது அழுக்குத் துகளைச் சூழ்ந்துகொண்டு, துணிக்கும் பூச்சுக்கும் நடுவே வழுவழுப்பை உண்டாக்குகிறது. நுரை வராது என்பதால் பிறகு தண்ணீர் ஊற்றி அலச வேண்டியதும் இல்லை, தரையில் தண்ணீர் ஓடி அண்டை வீட்டாருடன் மனத்தாங்கல் வருவதும் இல்லை. விலை சாதாரண கார் ஷாம்பூவைவிடக் கூடுதலாகத் தோன்றும். ஆனால் ஒரு முறைக்குச் செலவாகும் அளவைப் பார்த்தால், ஒரு புட்டி பல மாதங்களுக்கு வரும். சலவைத்தூளையும் பாத்திரம் துலக்கும் திரவத்தையும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கை அகற்றுவதற்காகவே செய்யப்பட்ட அவை, காரின்மேல் பூசிய வாக்ஸ் என்ற மெழுகையும் சேர்த்து அகற்றிவிடும்.

இரண்டு வாளிகளிலும் பத்துப் பத்து லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். லிப்டில் கொண்டுபோக அது சுமையாக இராது. ஒன்றில் கரைசல், மற்றொன்றில் துணி அலச வெறும் தண்ணீர். தெளிப்பானிலும் அதே கரைசலை ஊற்றி, துடைக்கப் போகிற பகுதியை நன்றாக நனைத்து ஒரு நிமிடம் ஊற விடுங்கள். பிறகு மைக்ரோஃபைபர் துணியை (மிக நுண்ணிய செயற்கை இழைகளால் ஆன மென்துணி) கரைசலில் தோய்த்து, நாலாக மடித்து, அழுத்தாமல், நேர்க்கோட்டில் ஒரே திசையில் இழுங்கள். வட்டமாகத் தேய்க்க வேண்டாம். ஒரு பக்கம் அழுக்கானதும் மடிப்பைத் திருப்பி அடுத்த பக்கத்தைப் பயன்படுத்துங்கள். எல்லாப் பக்கமும் அழுக்கான துணியை வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்த பின்னரே கரைசலில் மீண்டும் தோய்க்க வேண்டும். இந்த ஒன்றைத் தவறவிட்டால் கரைசல் வாளியே மணல் வாளியாகிவிடும். கூரையில் தொடங்கி, கண்ணாடிகள், பானெட், டிக்கி, கதவுகளின் மேற்பகுதி என்று இறங்கி வந்து, மண் அதிகம் ஒட்டுகிற கதவின் அடிப்பகுதியையும் பம்பர்களையும் பிறகு துடையுங்கள். சக்கரங்கள் கடைசி. அவற்றில் பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத் துகள் இருப்பதால், சக்கரத்துக்கு என்று வைத்த துணி வேறு எங்கும் படக் கூடாது. ஒவ்வொரு பகுதியையும் ஈரம் காய்வதற்கு முன்பே உலர்ந்த இன்னொரு மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

உலர்ந்த துணியால் ஒற்றுவதற்கு முன் கடைசியாக ஒரு முறை ஈரத்துணியால் துடைக்க, தங்கள் வீட்டிலேயே நல்ல தண்ணீர் இலவசமாகக் கிடைக்கிறது. போர் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு காய்ந்து வெண்புள்ளிகளாக நின்றுவிடும், குடிநீர் ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளுகிற தண்ணீரில் அந்த உப்பு இன்னும் அதிகம். ஏ.சி. குழாயில் சொட்டும் தண்ணீரோ காற்றின் ஈரம் குளிர்ந்து உருவானது என்பதால் அதில் உப்பு இல்லாத அளவுக்குக் குறைவு. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஓரிரவு ஏ.சி. ஓடினால் சில லிட்டர் சேர்ந்துவிடும். அதைப் பிடித்து வைத்துக் கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் பயன்படுத்திப் பாருங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சேறு அப்பிய வண்டிக்கு இந்த முறை உதவாது. சம்பா அறுவடை நாட்களில் அறுவடை இயந்திரங்களும் டிராக்டர்களும் வயலிலிருந்து இழுத்து வந்து சாலையில் போடும் களிமண், சக்கர வளைவுக்குள் அடை அடையாக ஒட்டிக் காய்ந்துவிடும். அந்த நாட்களில் வாட்டர் சர்வீஸுக்குப் போவதே சரி. அடிப்பகுதிக்கும் சக்கர வளைவுகளுக்கும் மட்டும் தண்ணீர் அடித்துத் தரச் சொன்னால் கட்டணத்தைக் குறைத்துக்கொள்ளும் கடைகளும் உண்டு. துடைக்கும் வேலையை வீட்டில் தாங்களே செய்துகொள்ளலாம்.

கேள்வி: கும்பகோணத்தில் வாடகை அடுக்குமாடியில் இருக்கிறோம். மேட்டூர் திறந்து அரசலாற்றில் தண்ணீர் வந்ததும், காரைப் படித்துறைப் பக்கம் ஓட்டிச் சென்று கழுவலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். செலவே இல்லையே?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: வேண்டாம். வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டு, அந்தத் தண்ணீர் கடைமடை வரை போய்ச் சேர வேண்டும் என்று எத்தனையோ குடும்பங்கள் நாற்றங்காலைப் பார்த்தபடி காத்திருக்கின்றன. காரின் அடியிலிருந்து வழியும் எண்ணெயும் கிரீஸும் அந்தத் தண்ணீரில் கலப்பதை நாம் செய்யலாகாது. படித்துறையில் குளிப்பவர்களும் இருக்கிறார்கள். காருக்கும் அது நல்லதன்று. புதுத் தண்ணீர் வண்டலையும் நுண்மணலையும் சுமந்துகொண்டு வருகிறது. அதை மொண்டு ஊற்றித் தேய்ப்பது மணலால் தேய்ப்பதற்குச் சமம்.

கேள்வி: நாகப்பட்டினத்தில் கடற்கரைக்கு அருகே குடியிருக்கிறோம். எவ்வளவு துடைத்தாலும் மறுநாளே கண்ணாடியில் பிசுபிசுப்பு. கதவின் அடியில் துருவும் தென்படுகிறது.
— ஒரு வாசகி, நாகப்பட்டினம்

பதில்: பிசுபிசுப்புக்குக் காரணம் உப்புக் காற்று. உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் இரும்பு எப்போதும் நனைந்தபடியே இருக்கிறது. மேலே சொன்ன முறையில் வாரம் ஒரு முறை வெளிப்புறத்தைத் துடைப்பதோடு, மாதம் ஒரு முறையாவது நல்ல தண்ணீரால் அடிப்பகுதியை அலசச் செய்யுங்கள். அந்தச் செலவைக் குறைக்க வேண்டாம். தங்கள் பகுதியின் போர் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் அதை வண்டிக்குப் பயன்படுத்தாமல், மழைநீரைப் பிடித்து வையுங்கள். கதவின் அடிவிளிம்பில் நீர் வடிவதற்கான சிறு துளைகள் இருக்கும். அவை மண்ணால் அடைபட்டால் உள்ளே தண்ணீர் தேங்கி, துரு உள்ளிருந்து தொடங்கும். ஒரு குச்சியால் அவற்றைக் குத்திவிட்டுப் பாருங்கள். ஏற்கெனவே தென்படும் துருவை மழைக்காலத்துக்கு முன் சுரண்டி, பிரைமர் என்ற அடிப்பூச்சைப் பூசிவிட வேண்டும்.

கேள்வி: பறவை எச்சத்தை வாராந்திரக் கழுவல் வரை விட்டுவைக்கலாமா?
— ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: ஒரு நாள்கூட விட்டுவைக்க வேண்டாம். எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. வெயிலில் சூடேறிய பூச்சை அது அரித்து, துடைத்த பிறகும் மறையாத தடத்தை விட்டுவிடும். ஈரத்துணியை அதன்மேல் ஐந்து நிமிடம் போட்டு ஊறவைத்து, தேய்க்காமல் மேலாக வழித்து எடுங்கள். மழைக்காலத்து இரவுகளில் விளக்கு வெளிச்சத்துக்கு வந்து முன்கண்ணாடியில் அடிபடும் பூச்சிகளுக்கும் இதே வைத்தியம்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் எல்லாக் கார்களையும் ஒருவரே மாதச் சம்பளத்துக்குத் தினமும் துடைக்கிறார். ஒரே துணி, ஒரே வாளி. பெரியவர் என்பதால் சொல்லத் தயக்கமாக இருக்கிறது.
— ஒரு வாசகி, திருவாரூர்

பதில்: தயங்காமல், மரியாதையாகச் சொல்லுங்கள். தண்ணீர் சுமக்கும் சிரமத்தாலும் நேரம் போதாமையாலும்தான் அவர் ஒரே வாளியில் எல்லா வண்டிகளையும் முடிக்கிறார். தங்கள் காருக்கு என்று நான்கு மைக்ரோஃபைபர் துணிகளையும் ஒரு தெளிப்பானையும் வாங்கி அவரிடம் கொடுத்து, “ஐயா, தினமும் துடைக்க வேண்டாம், வாரம் இரண்டு நாள், நனைத்துவிட்டுத் துடைத்தால் போதும். சம்பளம் அதேதான்” என்று சொல்லிவிடுங்கள். துணிகளை வாரம் ஒரு முறை தாங்களே வாங்கித் துவைத்துக் கொடுங்கள். சலவைத் திரவம் மட்டும் போதும். துணியை மென்மையாக்கும் கண்டிஷனரைச் சேர்த்தால் மைக்ரோஃபைபர் இழைகள் ஈரம் உறிஞ்சும் தன்மையை இழந்துவிடும்.