தோழிக்கு 325 சிசி பொருந்தியது, எனக்கு ஏன் 260?

கேள்வி: எனக்கு 33 வயது, ஒல்லியான உடல்வாகு. இரண்டு குழந்தைகளுக்கும் தாய்ப்பால் கொடுத்து நிறுத்திய பிறகு மார்பகத்தின் மேல்பகுதி வற்றிவிட்டது. என் தோழி மார்பகத்தைப் பெரிதாக்க 325 சிசி (அதாவது 325 மில்லிலிட்டர் கொள்ளளவு) இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டாள். அவளுக்கு மிக இயல்பாக இருக்கிறது. அதையே கேட்டால், சர்ஜன் டேப் வைத்து அளந்துவிட்டு, "உங்களுக்கு 260-ஐத் தாண்ட வேண்டாம். தசைக்கு அடியில்தான் வைக்கணும்" என்கிறார். பணம் கொடுக்கும் நான் அளவைத் தீர்மானிக்கக் கூடாதா? என் இடது மார்பகம் சற்றுச் சிறியது. அதுவும் சரியாகிவிடுமா?

பதில்: தீர்மானிக்கலாம். ஆனால் நீங்கள் தீர்மானிக்கக்கூடிய எல்லையை உங்கள் நெஞ்சுக்கூடும் தோலும் ஏற்கெனவே வகுத்து வைத்திருக்கின்றன. சர்ஜன் டேப் எடுத்தது அந்த எல்லையைத் தெரிந்துகொள்ளத்தான். அளக்காமலே 260 என்று சொல்லியிருந்தால் நானும் சந்தேகப்பட்டிருப்பேன்.

இந்த விஷயத்தில் பலரும் சிசியைத்தான் முதலில் பிடித்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது கடைசியாக வரும் எண். முதலில் பார்க்க வேண்டியது மார்பகத்தின் அடித்தள அகலம், அதாவது நடுநெஞ்சுப் பக்கம் மார்பகம் தொடங்கும் இடத்திலிருந்து அக்குள் பக்கம் முடியும் இடம் வரையிலான தூரம். இம்ப்ளான்டின் விட்டம் இந்த அகலத்துக்குள் அடங்க வேண்டும். அதன் மேல் உங்கள் சொந்தத் திசுவும் போர்த்தியிருக்கும் என்பதால், பெரும்பாலும் சற்றுக் குறைவான விட்டத்தையே தேர்ந்தெடுப்போம். உங்கள் அகலம் 11.5 செ.மீ., தோழியின் அகலம் 13 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அவருக்குக் கச்சிதமாக உட்காரும் அதே இம்ப்ளான்ட், உங்களுக்கு அக்குள் பக்கம் பிதுங்கி, கையைத் தொங்கவிட்டாலே இடிக்கும். இல்லையென்றால் நடுநெஞ்சு எலும்பை நோக்கி நெருக்கும். அங்கே இடம் பண்ணுவதற்காகத் தசையின் பிடிப்பை அதிகம் வெட்டினால், இரண்டு மார்பகங்களும் நடுவில் ஒட்டிக்கொண்டதுபோல் ஆகிவிடலாம். அதைத் திரும்பச் சரிசெய்வது முதல் அறுவை சிகிச்சையைவிடக் கடினம்.

"அகலம் குறைவு என்றால் முன்பக்கம் எடுப்பாக இருக்கிற வகையை வைக்கலாமே?" என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். ஒரே 300 சிசி, தட்டையான வகையில் சுமார் 13 செ.மீ. விட்டத்திலும், எடுப்பான வகையில் சுமார் 11 செ.மீ. விட்டத்திலும் வரும் (நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறும்). ஆக, குறுகிய நெஞ்சுக்குள்ளும் கூடுதல் சிசியை நுழைத்துவிட முடியும். ஆனால் திசு மெலிந்தவர்களுக்கு எடுப்பான வகையில் பெரிய அளவை வைத்தால், மேல்பகுதி சரிந்து இறங்காமல் உருண்டு நிற்கும். உங்களுக்குப் பிடித்த அந்த 'இயல்பான' தோற்றம் அதில் வராது.

அடுத்தது திசுவின் தடிமன். மார்பகத்தின் மேல்பகுதியைச் சர்ஜன் இரு விரலால் கிள்ளிப் பிடித்து அளந்திருப்பார். அந்த மடிப்பு 2 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால், தசைக்கு மேலே வைக்கும் இம்ப்ளான்டின் விளிம்பு வெளியே தெரியலாம். குனியும்போது தோலில் அலை அலையாகச் சுருக்கமும் விழலாம். பால் கொடுத்து முடித்த ஒல்லியான பெண்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறோம். அதனால்தான் தசைக்கு அடியில் என்கிறார். பெரும்பாலும் மேல்பாதியைத் தசை மூட, கீழ்ப்பாதி நேரடியாக மார்பகத் திசுவுக்கு அடியில் இருக்கும்படி வைப்பார்கள். இதற்கும் ஒரு விலை உண்டு. முதல் சில நாள் வலி கூடுதலாக இருக்கும். நெஞ்சுத் தசையை இறுக்கும்போது இம்ப்ளான்ட் அசைவது வெளியே தெரியலாம். நீங்கள் எடை தூக்கிப் பயிற்சி செய்பவர் என்றால் இதை இப்போதே சர்ஜனிடம் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது தோல். காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் ஓரத்தில் பிடித்து முன்னோக்கி இழுத்தால் எவ்வளவு வருகிறது என்று பார்ப்போம். 2 செ.மீ.கூட வராவிட்டால் இறுக்கமான தோல். 4 செ.மீ. வந்தால் தளர்ந்த தோல். உங்கள் தோல் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். காலியான பையை நிரப்பக் கொஞ்சம் கூடுதல் அளவு தேவைப்படும் என்பது ஒரு பக்கம். தளர்ந்த தோல் எடையைத் தாங்காமல் மேலும் இழுபடும் என்பது மறுபக்கம். 325 சிசி சிலிகான் ஏறக்குறைய 325 கிராம். அதை அந்தத் தோல் நாள் முழுக்கச் சுமக்க வேண்டும். காலப்போக்கில் இம்ப்ளான்ட் கீழே இறங்கி, காம்பு மேலே பார்க்கத் தொடங்கும் நிலைமையைப் பெரிய அளவுகளில்தான் அதிகம் காண்கிறோம்.

இவ்வளவு சண்டைக்கும் காரணமான வித்தியாசம் 65 சிசி. நான்கு மேஜைக்கரண்டித் தண்ணீருக்குச் சற்று அதிகம். உடை போட்டுப் பார்த்தால் பலராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் விட்டத்தில் அது கூட்டும் சில மில்லிமீட்டர், குறுகிய நெஞ்சில் தெரிந்துவிடும்.

இடது மார்பகத்துக்கு வருவோம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் பெண் அபூர்வம். வித்தியாசம் மார்பகத்தில் மட்டும் என்றால், இடதுபுறம் 20, 30 சிசி கூடுதலாக வைத்து ஓரளவு சமப்படுத்தலாம். ஆனால் பல நேரம் காரணம் அடியில் இருக்கும். ஒரு பக்க விலா எலும்பு சற்று உள்வாங்கியிருக்கும், அல்லது முதுகெலும்பு லேசாக வளைந்திருக்கும். காம்பின் உயரம், மார்பின் கீழ்மடிப்பின் உயரம் ஆகியவற்றில் உள்ள வேறுபாட்டை இம்ப்ளான்ட் மாற்றாது. அளவு பெரிதாகப் பெரிதாக அது இன்னும் எடுப்பாகத் தெரியும். எனவே 'குறையும்' என்று எதிர்பாருங்கள், 'சரியாகிவிடும்' என்று வேண்டாம். முன்பக்கம், பக்கவாட்டு என்று எடுத்த புகைப்படங்களை வைத்து, இப்போது இருக்கும் வேறுபாடுகளை அவரையே சுட்டிக்காட்டச் சொல்லுங்கள்.

அடுத்த முறை போகும்போது மூன்று எண்களை எழுதி வாங்குங்கள்: அடித்தள அகலம், கிள்ளிய தடிமன், அவர் தேர்ந்தெடுத்த இம்ப்ளான்டின் விட்டம். அதே விட்டத்தில் சற்று எடுப்பான வகையில் 280 வரை போக முடியுமா, போனால் என்ன இழப்பு என்று கேளுங்கள். பிராவுக்குள் வைத்துப் பார்க்கும் மாதிரி அளவுகளை, வழக்கமாகப் போடும் உடைக்குள் போட்டுப் பாருங்கள். 'சி கப் வேண்டும்' என்று மட்டும் சொல்லாதீர்கள். பிராண்டுக்குப் பிராண்டு கப் அளவு மாறும்.

மேற்பரப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. சொரசொரப்பான மேற்பரப்பு உள்ள இம்ப்ளான்ட்களோடு அரிய வகை லிம்ஃபோமா (நிணநீர் மண்டலப் புற்றுநோய்) ஒன்று தொடர்புபடுத்தப்பட்டு, 2019-இல் அலர்கன் நிறுவனம் தன் பயோசெல் வகையை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. எனவே எந்த மேற்பரப்பு என்று கேட்டு, மாடல் எண் உள்ள அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த இம்ப்ளான்டும் ஆயுளுக்கும் உத்தரவாதம் இல்லை, பிற்காலத்தில் மாற்ற வேண்டிவரலாம். இன்னொரு குழந்தை பெறும் எண்ணமோ, எடை குறைக்கும் திட்டமோ இருந்தால் அதை முடித்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. பிரா இல்லாமல் கண்ணாடி முன் நேராக நின்று பக்கவாட்டில் பாருங்கள். காம்பு மார்பின் கீழ்மடிப்புக்கு மேலே இருந்தால் இம்ப்ளான்ட் மட்டும் போதும். மடிப்புக்குக் கீழே இறங்கியிருந்தால் 260-உம் அதைத் தூக்காது, 325-உம் தூக்காது. மார்பகத்தை ஏற்றிக் கட்டும் லிஃப்ட் அறுவை சிகிச்சையும் தேவைப்படும். அதற்குக் கருவட்டத்தைச் சுற்றியும், பெரும்பாலும் அங்கிருந்து கீழ்நோக்கியும் தழும்பு வரும். இதைப் பற்றி சர்ஜன் சொன்னாரா என்று உங்கள் கேள்வியில் இல்லை. அளவைப் பேசும் முன் இதைக் கேட்டுவிடுங்கள்.