கேள்வி பதில்: பால்கனி இல்லாத வீடு

கேள்வி: பெண் எழுத்தாளர்களின் கதைகளில் நாயகி எவ்வளவு கொதித்தாலும் கடைசியில் வீட்டோடுதான் கிடக்கிறாள். இதில் விடுதலை எங்கே இருக்கிறது?

பதில்: எல்லோரும் கிடப்பதில்லை. வங்காளத்தில் ஆஷாபூர்ணா தேவி 1964-இல் எழுதிய ‘பிரதம் பிரதிஸ்ருதி’யில், தனக்குத் தெரியாமல் சிறுமி மகளுக்குக் கல்யாணம் முடித்துவிட்டார்கள் என்றதும் சத்யவதி குடும்பத்தை உதறிவிட்டுக் காசிக்குக் கிளம்பிவிடுகிறாள். அவள் விட்டுவிட்டுப் போன அந்த மகளின் கதைதான் அடுத்த நாவல், ‘சுவர்ணலதா’. சுவர்ணலதா ஆசைப்படுவது பெரிதாக ஒன்றுமில்லை. புதிதாகக் கட்டும் வீட்டில் ஒரு பால்கனி, அவ்வளவுதான். கணவன் சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் பால்கனியே இல்லாமல் வீட்டைக் கட்டி முடிக்கிறான். அடிக்கிற கணவனை யாரும் எழுதிவிடலாம். தலையாட்டி ஏமாற்றுகிறவனை எழுதத்தான் தனிக் கை வேண்டும்.

தமிழில் அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ சிறுகதையிலும் இதே கதிதான். ராஜஸ்தானில் ஒரு பெரிய குடும்பம், இருட்டுச் சமையலறை, ஜன்னலுக்கு வெளியே பச்சை மலை. சமையலறையைக் கொஞ்சம் வசதியாக்கலாமே என்கிறாள் மருமகள் மீனாட்சி. வாயால் யாரும் மறுக்கவில்லை. மலையை மறைத்துத் துணிக்கொடி கட்டப்படுகிறது.

கடைசிப் பக்கத்தில் விடுதலையைத் தேடினால் ஏமாறுவீர்கள். ஜன்னல், சாவி, காசு ஆகியவை யார் கையில் இருக்கின்றன, எந்த இடத்தில் கை மாறுகின்றன என்று பாருங்கள்.

கேள்வி: சசி தேஷ்பாண்டேயின் ‘தட் லாங் சைலன்ஸ்’ நாவலைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினேன். வெறும் கதைச் சுருக்கம் என்று வழிகாட்டி திருப்பிக் கொடுத்துவிட்டார். என்ன செய்யலாம்?

பதில்: கதையை அரைப் பக்கத்தோடு நிறுத்துங்கள். பிறகு ஒரே ஒரு இழையைப் பிடியுங்கள். பெயர்களையே எடுத்துக்கொள்ளலாம். நாயகிக்கு அப்பா வைத்த பெயர் ஜெயா, கல்யாணத்தின்போது கணவன் மோகன் வைத்தது சுஹாசினி, பத்திரிகைப் பத்திக்கு அவளே உருவாக்கியது சீதா. ஒவ்வொரு பெயரும் வரும் பக்கம், அழைப்பவர், சந்தர்ப்பம் என்று நோட்டில் மூன்று கட்டம் போட்டுக் குறியுங்கள். அவளுடைய ஒரு கதை பரிசு வாங்குகிறது. அது தங்கள் தாம்பத்தியக் கதை என்று ஊர் நினைக்குமே என மோகன் நொந்துபோகிறான். அதன் பிறகுதான் யாரையும் உறுத்தாத சீதா பத்தி. எழுதாதே என்று எவரும் தடுக்கவில்லை, எழுதக்கூடியது சுருங்கிவிட்டது. உங்கள் வாதத்துக்கு இந்த இடம் போதும். கோட்பாட்டை அதற்குப் பிறகு கொண்டுவாருங்கள்; முதல் மூன்று பக்கத்தில் கொட்டினால் நாவல் மூச்சுத் திணறும்.

கேள்வி: நடுத்தர வர்க்க வீட்டைத் தாண்டித் தமிழில் எதைப் படிக்கலாம்?

பதில்: பாமாவின் ‘சங்கதி’ (1994). அதில் வருகிற தலித் பெண்கள் தினமும் கூலிக்குப் போகிறவர்கள். வேலைக்குப் போனால் விடுதலை என்ற சூத்திரம் அங்கே செல்லாது. ஆணைவிடக் குறைந்த கூலி, வீட்டுக்கு வந்தால் அடி. கூடவே அவர்களுடைய நக்கலும் வசவும். பேச்சுமொழியில் எழுதப்பட்டது, அதனால் வாய்விட்டுப் படியுங்கள்.