மணி கூட வந்தா கரடி வராதா? (வாசகர் கடிதமும் பதிலும்)

அண்ணா வணக்கம்,

உங்க எழுத்தை ரொம்ப நாளா படிக்கிறேன், எழுதறது இதான் முதல் தடவை. நான் இருக்கறது டல்லாஸ், சொந்த ஊரு பொள்ளாச்சி பக்கம். வர்ற ஆகஸ்ட்ல நானும் ஒரு ஃப்ரெண்டும் வயோமிங்ல விண்ட் ரிவர் மலைக்கு நாலு நாள் பேக்பேக்கிங் போறதா இருக்கோம், கூடவே எங்க லாப்ரடார் மணியும் வர்றான். அங்க கரடி, மூஸ்ங்கற ராட்சச மான் எல்லாம் உண்டுன்னு படிச்சேன். அம்மா கிட்ட ஃபோன்ல சொன்னா "நாய் கூட இருக்கறப்ப என்ன கண்ணு பயம், அது பாத்துக்கும்"ங்கறாங்க. ஃப்ரெண்டு என்னடான்னா நாயே வேண்டாம், மூட்டை தூக்கற லாமா (ஒட்டக ஜாதி மிருகம்) வாடகைக்கு எடுப்போம்ங்கறான். மணி கூப்பிட்டா வந்துருவான், அதனால அங்க அவுத்து விட்டே கூட்டிட்டுப் போலாமா? அப்புறம், ஒருவேளை கரடி அவனைப் புடிச்சிட்டா நான் என்ன பண்றது? இதுக்கு மட்டும் யாரும் நேரா பதில் சொல்ல மாட்டேங்கறாங்க.

அன்புடன்,
டல்லாஸ் வாசகன்

தம்பிக்கு வணக்கம்,

கடைசிக் கேள்விக்குக் கண்டிப்பா வர்றேன். ஆனா அதுக்கு முன்னாடி அவுத்து விடற விஷயத்தைப் பேசிடணும், ஏன்னா முக்கால்வாசிப் பிரச்சினை அங்கதான் இருக்கு, அதை ஒழுங்கு பண்ணிட்டா அந்தக் கடைசிக் கேள்வி பெரும்பாலும் வராமலே போயிரும்.

அம்மா சொல்றது வீட்டு வாசலுக்குச் சரி, திருட்டுப் பயலுக்குச் சரி. காட்டுக்குச் சரி கிடையாது, அது அவங்களுக்கே தெரியும், உங்க ஊருக்கு மேல வால்பாறை எஸ்டேட் பக்கம் சிறுத்தை இறங்கினா முதல்ல காணாமப் போற உருப்படி எதுன்னு கேட்டுப் பாருங்க, நாய்தான். அமெரிக்கக் கரடி விஷயம் கொஞ்சம் வேற, கரடி நாயைத் தேடி வர்றதில்ல, நாய்தான் கரடியைத் தேடிப் போகுது. அவுத்து விட்ட நாய் உங்களுக்கு முன்னாடி நூறு இருநூறு கெஜம் ஓடுது, புதர்ல பெர்ரி தின்னுட்டு இருக்கற கரடியைக் கண்டுபுடிக்குது, குலைக்குது, சுத்தி சுத்தி வருது, கரடி ஒரு தடவை திரும்பி உறுமினதும்தான் சார்வாளுக்கு இது நம்ம சைஸ் இல்லன்னு புரியுது, உடனே பயந்து எங்க ஓடும்? உங்க கிட்டதான் ஓடி வரும், பின்னாடியே கரடியும். நீங்க "கூப்பிட்டா வந்துருவான்"னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுதான் எனக்குப் பயமே.

இது என் கற்பனை இல்ல. கனடாவுல கரடித் தாக்குதலை வாழ்நாள் பூரா ஆராய்ச்சி பண்ணின ஸ்டீபன் ஹெரேரோவும், மனிடோபா மாகாணத்துல வேலை பாத்த ஹேங்க் ஹ்ரிஸ்டியென்கோவும் சேர்ந்து 2010-லேர்ந்து 2014 வரைக்கும் வட அமெரிக்காவுல கருப்புக் கரடி மனுஷங்களைத் தாக்கின சம்பவங்களை எடுத்துப் பாத்தாங்க, பாதிக்கு மேல ஏதோ ஒரு நாய் சம்பந்தப்பட்டிருக்கு, அதுலயும் பெரும்பாலும் அவுத்து விட்ட நாய். அதனால லீஷ் போடுங்க, ஆறடி லீஷ், கையில புடிங்க. இடுப்புல மாட்டற ஹேண்ட்ஸ்ஃப்ரீ பெல்ட் இருக்கே, ஓட்டப் பயிற்சிக்கு நல்லாருக்கும், மூஸ் இருக்கற இடத்துல நான் மாட்டமாட்டேன், முப்பத்தஞ்சு கிலோ லாப்ரடார் ஒரு திசையில இழுக்கறப்ப நீங்க இன்னொரு திசையில ஓட வேண்டி வந்தா இடுப்புல முடிச்சு இருக்கக் கூடாது.

ஆனா ஒண்ணு, லீஷ்ல இருக்கற மணி நிஜமாவே உங்களுக்கு உதவுவான். அவன் மூக்கும் காதும் நம்மளை விட எத்தனையோ மடங்கு மேல. நடந்துட்டே இருக்கறவன் சட்டுனு நின்னு, ஒரு பக்கமா மூக்கைத் தூக்கி, கழுத்து முடி சிலிர்த்துச்சுன்னா அதுக்கு மேல ஒரு எட்டு வைக்காதீங்க. சும்மா அணிலுக்கு வால் ஆட்டறதுக்கும் இதுக்கும் வித்தியாசம் நாலு தடவை வெளிய கூட்டிட்டுப் போனா உங்களுக்கே புடிபடும்.

எல்லாரும் கரடி கரடின்னே கேக்கறீங்க, நாயோட போறவங்களுக்கு நான் முதல்ல சொல்றது மூஸ். மூஸுக்கு நாய்னா ஓநாய், அவ்வளவுதான் கணக்கு. அதோட குட்டியைத் திங்கறது ஓநாய், அதனால நாயைப் பாத்தா விலகிப் போகாம எதிர்த்து வரும், முன்னங்காலால மிதிச்சே கொல்லும். இங்க கொலராடோவுல 1978-ல வெளி மாநிலத்துலேர்ந்து கொண்டாந்து விட்டதுலேர்ந்து மூஸ் நல்லா பெருகிடுச்சு, மனுஷங்களோட நடக்கற மோதல் கிட்டத்தட்ட எல்லாத்துலயும் நாய் இருக்குன்னு மாநில வனவிலங்குத் துறையே சொல்றாங்க.

பிரெய்னார்ட் ஏரி பக்கம் ஒரு தடவை காலையில நானும் எங்க நாய் பைரவியும் போயிட்டு இருந்தோம். வில்லோ புதர் தோள் உயரத்துக்கு, பாதை அதுக்கு நடுவுல. பைரவி நின்னுட்டா. எனக்கு ஒண்ணும் தெரியல, பழுப்புப் பாறை மாதிரி ஏதோ ஒண்ணு, அது காதைத் திருப்புச்சு. பெட்டை, குட்டி எங்கயோ பக்கத்துல இருந்திருக்கணும். முதல்ல சும்மா பாத்துது, அப்புறம் ரெண்டு காதும் பின்னாடி மடிஞ்சுது, திமில் மேல முடி அப்படியே எந்திரிச்சு நின்னுச்சு, உதட்டை நாக்கால நக்க ஆரம்பிச்சுது. இந்த மூணும் சேர்ந்து வந்தா அடுத்தது பாய்ச்சல்தான். நான் லீஷைச் சுருட்டிப் புடிச்சுட்டு பின்னாடி இருந்த தடிமனான ஸ்ப்ரூஸ் மரத்துக்குப் பின்னாடி போயிட்டேன். அது ஒரு நாலஞ்சு எட்டு வேகமா வந்து நின்னு, தரையை ஒரு உதை உதைச்சுது, அந்த மண்ணு எங்க மரத்துல வந்து அடிச்சுது. பைரவி ஒரு சத்தம் போடல, புண்ணியவதி. அது புதருக்குள்ள திரும்பிப் போன பிறகும் நாங்க ரொம்ப நேரம் அங்கயே நின்னு, வந்த வழியே திரும்பிட்டோம், அன்னிக்கு ஏரி பாக்கல.

மூஸ் வந்தா ஓடணும், ஓடி மரம் பாறைன்னு ஏதாவது ஒண்ணை நடுவுல போட்டுக்கணும். கரடி வந்தா ஓடக் கூடாது. இதை மாத்தி வச்சுக்காதீங்க. மூஸ் பாய்ஞ்சு வந்து, மரமும் பக்கத்துல இல்லன்னா லீஷைக் கைவிட்டுருங்க, அதோட கோபம் மணி மேலதான், மணி உங்களை விட வேகமா ஓடுவான்.

கரடியை விரட்ட மிளகாய்க் காரம் அடிக்கற பேர் ஸ்ப்ரே (bear spray) இல்லாம அந்த மலைக்குப் போகாதீங்க. விண்ட் ரிவர்ல கருப்புக் கரடி உண்டு, வடக்குப் பக்கம் கிரிஸ்லிங்கற பழுப்புக் கரடி இனமும் உண்டு, கிரிஸ்லி வருஷா வருஷம் தெற்க வந்துட்டும் இருக்கு. ஹெரேரோ கூட சேர்ந்து டாம் ஸ்மித் பண்ணின அலாஸ்கா ஆய்வு 2008-ல வந்துச்சு, ஸ்ப்ரே அடிச்ச சம்பவங்கள்ல பழுப்புக் கரடியோட வேண்டாத நடத்தை 92 சதவீதம் நின்னுபோயிருக்கு. ஸ்ப்ரே பைக்குள்ள இருந்தா அது இல்லாத மாதிரிதான், இடுப்புலயோ நெஞ்சுப் பட்டையிலயோ தொங்கணும், ஒரு கையில லீஷ் இருக்கறப்ப இன்னொரு கையால உருவி, கட்டை விரலால க்ளிப்பைத் தள்ற அளவுக்கு வீட்லயே பழகிக்கோங்க. டல்லாஸ்லேர்ந்து காருலதான் வருவீங்க, வெயில்ல மூடின காருக்குள்ள அந்த கேனை விட்டுட்டுப் போயிராதீங்க, வெடிக்கும்.

சரி, உங்க கடைசிக் கேள்வி. கரடி மணியைப் புடிச்சா? இருபது முப்பது அடி தூரத்துலேர்ந்து ஸ்ப்ரே அடிங்க, கரடி மூஞ்சியைப் பாத்து, கேன் காலியாகற வரைக்கும். மணி மேலயும் படும், கண்ணு எரியும், கத்துவான், பரவாயில்ல, தண்ணி ஊத்திக் கழுவிக்கலாம். கத்துங்க, கல்லெடுத்து எறியுங்க. ஆனா கையை உள்ள விடாதீங்க, கால்ல உதைக்கப் போகாதீங்க, காலரைப் புடிச்சு இழுக்கப் போகாதீங்க. இதைச் சொல்றது எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு, நாய் வளக்கறவன் அந்த நேரத்துல யோசிக்கமாட்டான், பாய்ஞ்சுருவான், அதனாலதான் இப்பவே, சோஃபால உக்காந்துட்டு இருக்கறப்பவே முடிவு பண்ணி வச்சுக்கணும்ங்கறேன். ஃப்ரெண்டு கிட்டயும் சொல்லி வைங்க, நீங்க பாய்ஞ்சா அவர் உங்களைப் புடிச்சு நிறுத்தணும்.

இன்னொரு சங்கடம் யாரும் சொல்றதில்ல. கிரிஸ்லி தற்காப்புக்காக உங்க மேல விழுந்தா குப்புறப் படுத்து, கழுத்துக்குப் பின்னாடி கை கோத்து, செத்த மாதிரி கிடங்கன்னு எல்லா இடத்துலயும் போட்டிருப்பாங்க, சரியான யோசனைதான். நீங்க படுத்துருவீங்க, மணி படுப்பானா? அவன் கரடியைச் சுத்திக் குலைச்சுட்டே இருப்பான், கரடிக்கு ஆபத்து போன மாதிரியே தோணாது. நாயோட போறவங்களுக்கு அந்த வழி பாதிதான் வேலை செய்யும், அதனாலதான் ஸ்ப்ரேல நான் இவ்வளவு கறாரா இருக்கேன். கருப்புக் கரடி மேல விழுந்தா படுக்கவே கூடாது, மூஞ்சியில குத்துங்க. நிறத்தை வச்சு எது எதுன்னு முடிவு பண்ணாதீங்க, பழுப்புல கருப்புக் கரடி உண்டு, தோள்ல திமில் இருந்தா கிரிஸ்லி.

எல்லாம் சரியாப் பண்ணியும் தப்பிக்காதவங்க இருக்காங்க, அதையும் மறைக்க எனக்கு மனசில்ல. 2023 செப்டம்பர் கடைசியில கனடாவோட பான்ஃப்ல, ரெட் டியர் ஆத்துப் பள்ளத்தாக்குல கேம்ப் போட்டிருந்த ஒரு தம்பதியையும் அவங்க நாயையும் கிரிஸ்லி கொன்னுடுச்சு. ரொம்ப அனுபவசாலிங்க, சாப்பாட்டை முறையா கட்டித் தொங்க விட்டிருந்தாங்க, ஸ்ப்ரே கேன் ஒண்ணு காலியாக் கிடந்துச்சு, சாட்டிலைட் கருவில உதவி கேட்டு மெசேஜும் போயிருந்துச்சு, மோசமான வானிலையில ஹெலிகாப்டர் பறக்க முடியாம மீட்புக்குழு போய்ச் சேர நடு ராத்திரி தாண்டிடுச்சு. அது 25 வயசுக்கு மேலான கிழட்டுப் பெட்டைக் கரடி, பல்லு போயி, உடம்புல போதுமான கொழுப்பு இல்லாம இருந்துச்சு. நாய் இருந்ததாலதான் நடந்துச்சுன்னு அப்பவே சில பேர் கிளம்பினாங்க, அப்படிச் சொல்ல எந்த ஆதாரமும் கிடையாது, எனக்கு அந்தப் பேச்சு புடிக்கவே இல்ல.

சாப்பாட்டு விஷயம். உங்க ரெண்டு பேர் சாப்பாட்டை ஒழுங்கா கரடியால திறக்க முடியாத கேன்ல போட்டுட்டு மணியோட கிபிள் (உலர் நாய்த் தீனி) மூட்டையை டென்ட் வாசல்ல வைக்கறது நிறைய பேர் பண்றது. கரடிக்கு உங்க நூடுல்ஸை விட அந்த கிபிள்தான் மணக்கும். அவன் நக்கின கிண்ணம், ட்ரீட் வைக்கிற இடுப்புப் பை, எல்லாமே டென்ட்லேர்ந்து நூறு கெஜம் தள்ளிப் போகணும். நாலு நாள், ரெண்டு ஆள், ஒரு லாப்ரடார்னா ஒரு கேன் பத்தாது, ரெண்டு வேணும். கயிறு கட்டித் தொங்க விட்டுக்கலாம்னு நெனச்சீங்கன்னா, சர்க் ஆஃப் த டவர்ஸ் மாதிரி உயரமான இடத்துல கட்டறதுக்கு உருப்படியான மரமே கிடைக்காது. மணியை வெளிய மரத்துல கட்டிப் போட்டுத் தூங்காதீங்க, உள்ள படுக்கட்டும். ராத்திரி அவன் உறுமினா ஜிப்பைத் திறக்காதீங்க, திறந்தா அம்பு மாதிரி போயிருவான். காலரைப் புடிச்சுக்கிட்டு சத்தமா பேசுங்க, லைட்டைப் போடுங்க, ஸ்ப்ரே கையில இருக்கட்டும்.

ஃப்ரெண்டு சொல்ற லாமா கிறுக்குத்தனம் ஒண்ணும் இல்ல. அந்த மலைக்குக் கிழக்க லாண்டர் ஊர்ல வாடகைக்கு விடறாங்க, ஒண்ணு அறுபது எழுபது பவுண்ட் அசால்ட்டா தூக்கும், தூரத்துல எதையாவது பாத்தா காதை நட்டுக்கிட்டு கழுதையும் குதிரையும் சேர்ந்து கத்தற மாதிரி ஒரு எச்சரிக்கைச் சத்தம் போடும், அது முன்னாடி ஓடிப் போய் கரடியைக் கூட்டிட்டு வராது. ஆனா ஆட்டுப் பண்ணைல நரி மாதிரி இருக்கற கொயோட்டியையும் நாயையும் விரட்டறதுக்குன்னே லாமா வளக்கறாங்க, அதனால மணியும் லாமாவும் ஒரே ட்ரிப்ல வேண்டாம், ரெண்டுல ஒண்ணு. பேக் கோட்டுன்னு ஆடு கூட்டிட்டுப் போறவங்களும் உண்டு, கிழக்குப் பக்கம் ஷோஷோனி காட்டுல காட்டாடு வாழற பகுதிக்குள்ள அது கூடாது, வீட்டு ஆட்டோட நிமோனியாக் கிருமி காட்டாட்டுக் கூட்டத்தையே காலி பண்ணிரும்.

ஆடுன்னதும் ஞாபகம் வருது. வயோமிங் மேற்குப் பக்கம் கோடையில செம்மறி மந்தை மேயும், கூட கிரேட் பைரனீஸ் காவல் நாய் நிக்கும், வெள்ளையா பஞ்சு பொம்மை மாதிரி. மனுஷனைப் பாத்தா குலைச்சுட்டு விட்டாலும் விட்டுடும், தெரியாத நாயை ஓநாயாத்தான் பாக்கும். மந்தை தெரிஞ்சா மணியை இழுத்துக்கிட்டு நல்லா சுத்திப் போங்க. முள்ளம்பன்றி கிட்டயும் சாக்கிரதை, மூக்குல ஏறின முள்ளைப் பாதியில வெட்டாதீங்க, நுனியில பின்னோக்கின கொக்கி இருக்கு, உள்ள உள்ள போகும், மயக்க மருந்து குடுத்து டாக்டர்தான் எடுக்கணும், அதோட ட்ரிப் முடிஞ்சுது.

அப்படியே யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவையும் எட்டிப் பாக்கலாம்னு இருந்தா, அங்க ட்ரெயில் எதுலயும் நாய்க்கு அனுமதி இல்ல, ரோட்டுலேர்ந்து நூறடிக்குள்ள லீஷோட மட்டும்தான். விண்ட் ரிவர் மேற்குப் பக்கத்துக்கு பைன்டேல் ஊர்ல வன இலாகா ரேஞ்சர் ஆபீஸ் இருக்கு, கிளம்பற வாரம் ஒரு ஃபோன் போட்டு கிரிஸ்லி எங்க நடமாடுது, மந்தை எந்தப் பக்கம் மேயுதுன்னு கேளுங்க, நல்லாவே சொல்லுவாங்க. தெற்க பிக் சாண்டி வழியா போறீங்களா இல்ல வடக்க க்ரீன் ரிவர் ஏரி வழியான்னு கடிதத்துல இல்ல, முதல் ட்ரிப்னா பிக் சாண்டின்னு சொல்லுவேன், கூட்டம் இருக்கும், ஆனா கிரிஸ்லி கொஞ்சம் கம்மி. முடிவு பண்ணிட்டு எழுதுங்க.

அன்புடன்.