மூன்றரை வயதில் பென்சில் பிடிக்காவிட்டால் என்ன?

மூன்றரை வயது மகன் இன்னும் பென்சிலைச் சரியாகப் பிடிக்கவில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளையோ அ, ஆ எழுதுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கு மூளை வளர்ச்சி குறைவோ என்பதுதானே அம்மா உங்கள் பயம்? நீங்கள் எழுதியிருப்பதில் அப்படி நினைக்க எதுவும் இல்லை. மூன்றரை வயதில் வாக்கியமாகப் பேசுகிறான், படியேறுகிறான், அண்ணனோடு மல்லுக்கு நிற்கிறான், கோணலாக என்றாலும் வட்டம் போடுகிறான். போதும். பக்கத்து வீட்டுப் பிள்ளை அ, ஆ எழுதினால் எழுதட்டும். மூன்று விரலால் பென்சில் பிடிப்பது பல பிள்ளைகளுக்கு நான்கு வயதுக்கு மேல்தான் வரும். இடது கைப் பழக்கத்தை அதட்டி மாற்றாதீர்கள்.

அவனுக்குக் கொடுக்கும் ஞாபகசக்தி டானிக்கை இன்றே நிறுத்துங்கள். யாரைக் கேட்டு ஆரம்பித்தீர்கள்? எந்த டானிக்கும் எழுத்துப் பழக்கம் தராது.

அப்புறம், நீங்கள் இணையத்தில் பார்த்ததாக எழுதிய அந்த 'இலையுதிர்கால விளையாட்டுப் பெட்டி'. அது நமக்குத் தேவையில்லை. குளிர்நாடுகளில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மரங்கள் இலை கொட்டும். பிள்ளைகள் குனிந்து பொறுக்கி, நிறம் பிரித்து, குவித்து, அதில் குதிப்பார்கள். பலன் அந்தக் குனிதலிலும் பொறுக்குதலிலும் குதித்தலிலும்தான், இலையில் இல்லை. நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்கள்; அதே வேலைகளுக்கு இங்கேயே வழி இருக்கிறது. அப்பளத்துக்குப் பெயர்போன உங்கள் கல்லிடைக்குறிச்சியில் அப்பள மாவுக்கா பஞ்சம்? ஓர் உருண்டை கொடுங்கள், பிசையட்டும்; விரலுக்கு அது நல்ல வேலை. கார்த்திகைக்கு விளக்குத் திரி திரிக்கட்டும். ஓலைக்கொழுக்கட்டைக்கு ஓலைக்குள் மாவு அடைக்க அவனையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். மழை விட்டதும், சாக்கடை கலக்காத தண்ணீரில் இரண்டு காலும் சேர்த்துக் குதிக்கட்டும். சளி வைரஸால் வருவது, கால் நனைவதால் அல்ல. பல்லாங்குழியில் புளியமுத்து போட்டு எடுப்பதும் நல்லதுதான், நீங்கள் கூடவே இருந்தால். மூக்கில் திணித்துக்கொள்ளும் வயசு இது.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய கடைசி வரிதான் என்னை நிறுத்தியது: "முன்பு பாடிய பாட்டை இப்போது பாடுவதில்லை." ஒரு பாட்டு சலித்துப் போயிருக்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் பேசிக்கொண்டிருந்த சொற்களே குறைகிறதா? கூப்பிட்டால் திரும்புவது குறைந்திருக்கிறதா? போட்டுக்கொண்டிருந்த பட்டன் இப்போது வரவில்லையா? நன்றாக ஓடியவன் அடிக்கடி விழுகிறானா? தாமதமாக வருவது வேறு. வந்த திறமை போவது வேறு. பின்னது எந்த வயதிலும் காத்திருக்கக் கூடாத அறிகுறி. 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

'பாடு, பாடு' என்று சோதிக்காமல், விளையாடும்போது இரண்டு மூன்று நாள் கவனியுங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியின் குழந்தைகள் பிரிவுக்கும் போகலாம். அவன் பாடிய பழைய வீடியோ போனில் இருந்தால் அழிக்காமல் கொண்டுபோங்கள். அப்போது எப்படி இருந்தான், இப்போது எப்படி இருக்கிறான் என்று மருத்துவர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.