கடைத்தெரு சீரமைப்பு: மக்கள் எப்போது பேச வேண்டும்? (கேள்வி பதில்)

கேள்வி: எங்கள் கடைத்தெருவைச் சீரமைக்கப் போகிறார்களாம். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பேசினால் போதாதா?

பதில்: போதாது. பல ஊர்களில் டெண்டர் விட்ட பிறகுதான் அந்தக் கூட்டமே நடக்கிறது. அப்போது நடைபாதையை அரை மீட்டர் நகர்த்தச் சொன்னால்கூட மழைநீர் வடிகால், மின்கம்பம், மதிப்பீடு எல்லாம் மாறும். யாரும் கை வைக்க மாட்டார்கள். விரிவான திட்ட அறிக்கை தயாராகும்போதே பகுதி சபாவில் (வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் கூட்டம்) எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். வரைபடம் காட்ட மறுத்தால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

கேள்வி: தரைக்கடைக்காரர்கள் சார்பில் பேச யாருக்கு உரிமை?

பதில்: நகர விற்பனைக் குழுவுக்கு. 2014-ஆம் ஆண்டு சாலையோர வியாபாரிகள் சட்டப்படி அதில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகள், அதுவும் தேர்தலில் வென்றவர்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

கேள்வி: சாலையோர வியாபாரிகள் கணக்கெடுப்பில் அம்மா பெயர் விட்டுப்போச்சு. மாலையில் மட்டும் பூ விற்கிறார்.

பதில்: இங்கேதான் அதிகம் பேர் விடுபட்டுப் போகிறார்கள். பகல் 11 மணிக்கு வந்து எண்ணினால் பூக்கடை, இட்லிக்கடை, வாரச்சந்தைக்காரர் யாரும் கண்ணில் படமாட்டார்கள். காலை 6, நண்பகல், இரவு 7 என மூன்று வேளை எண்ணச் சொல்லிக் குழுவில் தீர்மானம் போடவையுங்கள். கடைக்குப் பின்னால் நிலையான கட்டடம் தெரியும்படி படம் எடுங்கள். சுங்கம், அபராத ரசீதுகளையும் சேர்த்துக் கொடுங்கள். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்று சட்டமே சொல்கிறது.

கேள்வி: நாளைக்கே காலி செய்யச் சொல்கிறார்கள்.

பதில்: 30 நாள் நோட்டீஸ் கட்டாயம். பொருளை எடுத்தால் பட்டியல் கேளுங்கள். கேட்டு வந்தால் காய்கறி, பூ போன்றவற்றை அன்றே, மற்றதை இரண்டு வேலைநாளில் திருப்ப வேண்டும். 50 ஆண்டுக்கு மேல் நடக்கும் இயற்கைச் சந்தையை (வாங்குபவரும் விற்பவரும் வழக்கமாகவே கூடும் இடம்) பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும். அங்குள்ளவர்களை இடம் மாற்றக் கூடாது. உங்கள் சந்தை அப்படியானால் பழைய ரசீது, படம் எல்லாவற்றையும் இன்றே திரட்டுங்கள்.

கேள்வி: குடியிருப்போர் சங்கம் பார்க்கிங் கேட்கிறது, வியாபாரிகள் இடம் கேட்கிறார்கள். எப்படித் தீர்ப்பது?

பதில்: காகிதத்தில் தீராது. ஒரு ஞாயிறு வண்டிகளை மறித்து, சுண்ணாம்புக் கோட்டால் நடைபாதை, கடை, பார்க்கிங் எல்லாவற்றையும் முழு அளவில் தெருவிலேயே வரையுங்கள். தி.நகர் பாண்டி பஜாரிலும் 2019-இல் நடைபாதை வளாகம் திறக்குமுன் இப்படி வாகனத்தை மறித்துச் சோதித்தார்கள். ஆம்புலன்ஸ் திரும்புமா, சக்கர நாற்காலி போகுமா, சரக்கு வண்டி எங்கே நிற்கும் என்று அன்றே தெரிந்துவிடும். இரு தரப்பும் கோட்டின் அளவைக் குறித்துக் கையெழுத்திட்டு, அதையே வரைபடத்தோடு இணைக்கச் சொல்லுங்கள்.